இல்லாத அப்பாவும் இஷ்டமில்லாத அப்பாவும்

செப்டம்பர் 8

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த விலாசத்தை அத்தையிடம் வாங்கினேன். போன் நம்பர் கேட்டதற்கு, "அவன் நம்பர் மாத்திட்டான், புதுசு யாருக்கும் தரக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்றார். அதனால்தான் கடிதம். நீங்கள் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு சொந்தமாக லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி நடத்துவதும் அத்தை சொல்லித்தான் தெரியும்.

நான் பள்ளியில் கடைசி வருடம். நீங்கள் போனபோது ஆறாவது படித்தேன். கணக்குப் போட்டுக்கொள்ளும் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறேன்.

மேலே வேதியியல் படிக்க ஆசை. அம்மா இன்னும் அதே லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில்தான் இருக்கிறாள். அந்தச் சம்பளத்தில் என்ன முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே லீவு முழுக்க லைப்ரரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பணமில்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் காலேஜ்களைத் தேடினேன். மார்க்குக்குக் கொடுக்கிறவர்கள், ஓடுகிறவர்களுக்கும் பந்தடிக்கிறவர்களுக்கும் கொடுக்கிறவர்கள் நிறைய. வீட்டு நிலைமையைப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் கொஞ்சம்தான். அதிலும் 'உதவி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் படித்தால் கடன் என்கிறவர்கள் பாதிப் பேர். முதல் வருடம் அள்ளிக் கொடுத்து, இரண்டாம் வருடம் கையை விரிக்கிறவர்களும் உண்டு. எல்லாம் கழித்து மூன்று மிஞ்சின. உங்கள் வீட்டால் முடிந்ததைக் கொடுங்கள், மீதி எங்கள் பொறுப்பு என்கிறார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து. திருப்பித் தர வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், பார்த்தாலே தலை சுற்றும் அளவுக்குப் பீஸ் போட்டிருக்கும் காலேஜ்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசியில் மலிவு. இது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஸ்கூலில் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது.

இப்போது உங்களிடம் வந்த காரணம். மூன்று காலேஜும் அம்மா, அப்பா இரண்டு பேருடைய வருமானத்தையும் கேட்கின்றன. பிரிந்து போயிருந்தாலும் கேட்கிறார்கள். படிவத்தில் உங்கள் பகுதியை நீங்களே கம்ப்யூட்டரில் நிரப்பலாம். அது நேராக அவர்களுக்குப் போய்விடும், நானோ அம்மாவோ பார்க்க முடியாது. நவம்பர் கடைசிக்குள் போக வேண்டும்.

நான் பணம் கேட்கவில்லை. இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

மகள்

*

செப்டம்பர் 27

என் சுண்டெலிக்கு,

உன் கவரைப் பாத்துட்டு எவனோ வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கான்னு நெனச்சேன். உள்ள படிச்சா அப்படித்தான் இருக்கு, நறுக்கு நறுக்குன்னு. உங்கம்மா கை அப்படியே வந்திருக்கு உனக்கு. ஒரு ஆஸ்பத்திரி மொட்டைமாடியில, லிஃப்ட் மெஷின் ரூம்ல நின்னு படிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு. மோட்டார் சத்தத்துல யாரும் கவனிக்கல, தப்பிச்சேன்.

எவ்ளோ பெரிய பொண்ணா ஆயிட்ட. வேதியியலாம். நான் பள்ளிக்கூடத்துல அந்தப் பரீட்சையில வாங்கின மார்க்கைச் சொன்னா நீ சிரிப்ப.

சரி, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அப்பன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீ எதுக்குடா ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட நான் ஏழை, நான் ஏழைன்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கணும்? அவன் எவனோ குளுகுளுன்னு ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, உன் வருமானம் என்ன, வீடு எவ்ளோ பெருசு, கார் என்ன மாடல்னு கேப்பான், நான் கை கட்டிப் பதில் சொல்லணுமா? எனக்கு அது பிடிக்கல. வீட்டுக்குப் பக்கத்துல காலேஜே இல்லையா? பீஸ் எவ்ளோன்னு சொல்லு, நான் கட்டுறேன். என் பொண்ணு, நான் கட்டுறேன்.

உன்னை ஒரு நாள் பாக்கணும். எங்க வரலாம்னு எழுது. உங்கம்மா நல்லா இருக்காளா? நான் கேட்டதா சொல்லாத.

அப்பா

*

அக்டோபர் 9

அப்பாவுக்கு,

என்னைச் சுண்டெலி என்று யாரும் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது. நீங்களும் வேண்டாம்.

ஒரு வருட பீஸ், அம்மாவின் இரண்டு வருடச் சம்பளத்தைவிட அதிகம். நான்கு வருடம் படிக்க வேண்டும். "நான் கட்டுறேன்" என்று எழுத ஒரு வரி போதும். என் முன்பல்லுக்குக் கம்பி போட்டுத் தருகிறேன் என்று சொன்னதும் ஒரு வரிதான். பல் டாக்டர் அளவு எடுத்து, கம்பியும் தயாராகி, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று தடவை ஆள் அனுப்பினார். நான் இன்னும் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறேன். அது கிடக்கட்டும்.

ஏழை என்று எழுதிக் கொடுப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. ஏழையாக இருப்பதே பழகிவிட்டது, எழுதுவதில் என்ன.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் காலேஜ்களில் ஒரு விலக்கு இருக்கிறது. அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, தொடர்பே கிடையாது என்று குடும்பத்துக்கு வெளியே ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவரை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் பார்ப்பார்கள். அம்மாவின் லேப் டாக்டர் எழுதித் தர ஒப்புக்கொண்டார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அதற்குள் அத்தை விலாசம் கொடுத்துவிட்டார். விலாசத்தைப் பையில் வைத்துக்கொண்டு எப்படித் தெரியாது என்று சொல்வது? அம்மாதான், "வேணாம் டாக்டர், விடுங்க" என்றாள்.

காலேஜுக்குப் போன் செய்து, அப்பா இருக்கிறார், ஆனால் எழுதித் தர மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். இல்லாத அப்பா வேறு, இஷ்டமில்லாத அப்பா வேறு. முதல் வகைக்குத்தான் விலக்கு.

நீங்கள் இரண்டாவது வகையில் வந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை.

பார்க்க வர வேண்டாம். நிரப்பினால் போதும்.

மகள்

*

அக்டோபர் 24

நீ எழுதினதை என் வீட்டுக்காரி பிரிச்சிட்டா. ஆபீஸ் தபாலெல்லாம் அவதான் பிரிப்பா, கணக்கு வழக்கு அவதான். உனக்கு அது தெரியாது, நானும் சொல்லல. ரெண்டு நாளா வீட்டுல சோறு தண்ணி இறங்கல. "உங்க பழைய குடும்பம் கணக்குக் கேட்டு எழுதுதா" ன்னு கேக்குறா. என்னத்தச் சொல்லுவேன்.

நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல. வருமானம் எவ்ளோ, சொத்து எவ்ளோன்னு கேக்குறது காலேஜா, உங்கம்மாவா? இதைக் காட்டி நாளைக்கு ஜீவனாம்சம்னு அவ கோர்ட்டுல நிக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? அவ வாயைத் தொறக்க மாட்டா, ஆனா உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அவகூட பன்னெண்டு வருஷம் இருந்தவன் நான்.

பல்லு கம்பியைச் சொல்லிக் காட்டுற. அப்ப என் நெலமை என்னன்னு உனக்குத் தெரியுமா? மூணு மாசம் சம்பளம் இல்லாம ஒரு மெஷின் ரூம்ல படுத்துக் கிடந்தேன். அதெல்லாம் உனக்கு யாரு சொல்லப் போறா.

இல்லாத அப்பான்னு எழுதினாத்தான் உனக்கு வசதின்னா எழுதிக்கோ. செத்துட்டான்னு எழுதிக்கோ. நான் வந்து மறுக்க மாட்டேன்.

*

நவம்பர் 16

அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கம்பெனிக்கு வந்தேன். ஸ்கூலுக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தேன். வரக் கூடாது என்று ஒரு கடிதம் வந்துவிடுமோ என்று முன்கூட்டிச் சொல்லவில்லை.

முன்பக்க மேசையில் இருந்த ஸ்டோர் கீப்பர், "சார் சைட்டுக்குப் போயிருக்காரு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது, தலையைத் தூக்காமல் பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பாவம், அவர் முகம் சிவந்துவிட்டது. அவருக்காகத்தான் நான் எதுவும் சொல்லாமல் நின்றேன்.

அப்போது ஒரு சின்னப் பெண் காலில் வெறும் சாக்ஸோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க வீட்ல லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எங்கப்பா சரி பண்ணிடுவாரு" என்றாள்.

அவளுக்கு உங்கள் காது. பல் வரிசை நன்றாக இருக்கிறது.

எந்த இணையதளம், எப்படி உள்ளே போவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா கோர்ட்டுக்குப் போக மாட்டாள். போவதாக இருந்தால் நான் ஆறாவது படிக்கும்போதே போயிருப்பாள்.

இனிமேல் கேட்க மாட்டேன்.

*

நவம்பர் 21

கண்ணு,

நீ வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. யார் வந்தாலும் சைட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லுன்னு பொதுவா சொல்லி வச்சிருந்தேன், கடன்காரங்களுக்காக. சாயங்காலம் அவன் தாளைக் குடுத்துட்டு, "சார், உங்க பொண்ணு மாதிரி இருந்துச்சு" ன்னான். அப்புறம் நான் டீ கூடக் குடிக்கல.

நிரப்பிட்டேன். மூணு காலேஜுக்கும். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைப் பையன் உதவி பண்ணான்.

இன்னொண்ணும் சொல்றேன், சந்தோஷப்படுவ. கடைசியில ஒரு கேள்வி இருந்துச்சு, உங்க பிள்ளை படிப்புக்கு வருஷத்துக்கு நீங்க எவ்ளோ தர முடியும்னு. அந்தப் பையன், "காலியா விட்டுடலாம் சார், இல்லாட்டி முட்டை போடுங்க" ன்னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எத்தனை பெரிய மனுஷங்க பாக்குற எடம். இந்தப் பொண்ணோட அப்பன் முட்டை போட்டிருக்கான்னு பேசிக்க மாட்டாங்களா? உன்னை எவனும் அனாதைன்னு நெனைக்கக் கூடாது. அதனால பாதிக்கு மேலயே நான் தரேன்னு போட்டேன். கம்பெனி, வீடு, வண்டி எல்லாத்தையும் என் பேர்லயே காட்டி கெத்தா போட்டிருக்கேன். உங்கப்பன் யாருன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.

இப்ப சந்தோஷமா? ஒரு வரி எழுது.

அப்பா

*

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

உங்கள் நவம்பர் கடிதத்தைப் படித்த அன்றே மூன்று காலேஜுக்கும் போன் செய்தேன். பெற்றோர் நிரப்பியதைப் பிள்ளை மாற்ற முடியாது, முடிவு வரட்டும் என்றார்கள். ஒருவேளை அவர்களே சரியாகக் கணக்குப் போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

முடிவு வந்துவிட்டது. ஒன்றில் இடம் இல்லை. இரண்டில் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, கிடைக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்காத காலேஜ். அதன் லேப் படத்தை அம்மா தன் வேலையிடத்தில் எல்லோரிடமும் காட்டினாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

இரண்டு காலேஜும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தந்தை இவ்வளவு பெரிய பங்கை ஏற்க முன்வந்திருப்பது மகிழ்ச்சி, எனவே எங்கள் உதவி இவ்வளவு போதும் என்று கருதுகிறோம். அவர்கள் கொடுப்பது ஒரு மூலைக்குத்தான் வரும். மீதி நீங்கள்.

இரண்டு வழிதான் இருக்கிறது. நீங்கள் எழுதியதைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், எழுதியது தவறு, உண்மை இதுதான் என்று வரிக் கணக்கு நகலை வைத்து ஒரு கடிதம் போட வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் வந்தால் மறுபடி கணக்குப் போடுவோம் என்கிறார்கள். போனில் பேசினேன், அதே பெண்தான். "நிறைய அப்பாக்கள் இப்படித்தான் எழுதிவிடுவார்கள், நீ பயப்படாதே" என்றார். அவர் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்.

உங்கள் பணம் வேண்டாம். உண்மை மட்டும் போதும். அனுப்புங்கள் அப்பா.

*

ஏப்ரல் 15

கண்ணு,

எப்படி எழுதுறதுன்னு தெரியல. மூணு தாள் கிழிச்சாச்சு.

கம்பெனி என் பேர்ல இல்ல. அது என் வீட்டுக்காரி பேர்ல. முதல் போட்டது அவங்க அப்பா. வீடும் அவங்களோடது, வண்டியும் அப்படித்தான். பேப்பர்ல பாத்தா நான் அவகிட்ட மாசச் சம்பளம் வாங்குற மெக்கானிக், அவ்ளோதான். உங்கம்மா வாங்குறதைவிடக் கொஞ்சம் கம்மியாக்கூட இருக்கும். ஊருக்குள்ள எல்லாரும் முதலாளின்னு கூப்பிடுறாங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். உங்க அத்தைக்கே தெரியாது.

அந்த நகலை எடுத்து அனுப்புன்னா, அவகிட்டதான் கேக்கணும். பீரோ சாவி அவகிட்ட. எதுக்குன்னு கேப்பா. நான் முதலாளி இல்லன்னு ஊர் உலகத்துக்கு எழுதி அனுப்பறதுக்குன்னு சொல்லவா? நான் பொய் எழுதினேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? கேஸ் கீஸ் ஆயிடாதா? என்னால ஆகாதும்மா. தப்பா எடுத்துக்காத.

இதோட ஒரு செக் வச்சிருக்கேன். பெருசு இல்ல. மொதல்ல இதைக் கட்டிட்டுச் சேந்துடு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பாத்துக்கலாம். காலேஜுன்னா அவங்களும் மனுஷங்கதானே, தவணை குடுக்காமயா போயிடுவாங்க.

அப்பா

*

மே 12

செக் திரும்பி வந்துவிட்டது. பேங்க்கில் கவுன்டரில் இருந்தவர் சத்தமாகச் சொன்னார், பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. அம்மா, "பரவாயில்ல, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு காலேஜுக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

உங்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். உங்கள் உண்மையான சம்பளத்தை எழுதியிருந்தால், எனக்கு முழுதும் கிடைத்திருக்கும். சாப்பாட்டிலிருந்து புத்தகம் வரை முழுதும். உங்கள் மேல் எனக்கு இருந்த ஒரே பயம், நீங்கள் பணக்காரராக இருந்துவிடுவீர்களோ என்பதுதான். நீங்கள் எங்களைப் போலத்தான் இருந்தீர்கள். அது ஒன்றுதான் ஆறு வருடத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கக்கூடியது. அதையும் மறைத்துவிட்டீர்கள், யாரோ முன்பின் தெரியாதவர் முன்னால் கெத்தாக இருப்பதற்காக.

ஜூன் வரைக்கும் விண்ணப்பம் வாங்கும் ஒரு காலேஜைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டேன். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருடைய வருமானத்தை மட்டும் கேட்கிறார்கள். இன்னொருவரைப் பற்றிக் கேள்வியே இல்லை. பீஸ் கிடையாது, தங்குவதற்கு அம்மா பேரில் கடன், சாப்பாட்டுக்கு நான் அங்கேயே தட்டுக் கழுவ வேண்டும்.

வேதியியல் அங்கே இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்புதான் இருக்கிறது. ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது. அதைச் சொன்னபோது அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் ரொம்ப நேரம் ஓடியது.

*

செப்டம்பர் 19

கண்ணு,

நீ எங்க சேந்தேன்னு எழுதல. சரி, கேக்கவும் எனக்கு யோக்யதை இல்ல. வீட்டு விலாசத்துக்கே போடுறேன், உங்கம்மா உனக்குச் சேத்துடுவா.

ஒரே ஒரு உதவி. உனக்கு இடம் கெடச்சதுன்னு எழுதினியே, அன்னிக்கே நான் கம்பெனியில எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துட்டேன். பெரிய காலேஜ், நான்தான் படிக்க வைக்கிறேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நீ போகலன்னு சொல்ல வாய் வரல. கஸ்டமர்லாம் பாக்கறப்ப பொண்ணு எப்படிப் படிக்குதுன்னு கேக்குறாங்க. நல்லா படிக்கிறான்னு சொல்றேன். அது பொய் இல்லையே.

அத்தைகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவங்களுக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. உனக்குப் போன் பண்றேன்னு சொல்லிட்டிருக்காங்க. கேட்டா, ஆமா அத்த, பெரிய காலேஜ்தான், அப்பாதான் கட்டுறாருன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்கல. இதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல.

நீ நல்லா இருக்கணும்.

அப்பா

*

அக்டோபர் 6

அப்பாவுக்கு,

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அத்தை போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் கை ஈரமாக இருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து யூனிபாரமுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தை அவளும் படித்திருந்தாள்.

அத்தை, "பெரிய காலேஜாமே, என் தம்பிதான் பீஸ் கட்டுறானாமே, நெசமா கண்ணு?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். "லைன்ல இருக்கியா?" என்று மறுபடி கேட்டார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "ஆமா அண்ணி, அவர்தான் கட்டுறாரு" என்றாள்.

அத்தை அந்தப் பக்கம் அழுதுவிட்டார். "அவன் கெட்டவன் இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்கதான் அவனைப் புரிஞ்சுக்கல" என்றார். அதற்கும் அம்மா "ஆமா அண்ணி" என்றாள்.

பிறகு மிச்ச யூனிபாரமையும் தேய்த்து முடித்தாள்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. எங்கள் வீட்டால் முடிந்தது இவ்வளவுதான். இனி எழுத வேண்டாம்.